இரண்டு சுத்தியல், மோட்டார் இல்லை

தகரக்காரம்மாவின் கடை அந்தத் தெருவுக்கு எப்போது வந்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கடை வந்தபோது அங்கே தெருவே இல்லை. அவருடைய அப்பா நாலு கம்பு நட்டு, மேலே தகரம் போட்டு, உள்ளே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தபோது சுற்றிலும் முள்ளுக்காடு. வீடுகள் பிறகுதான் ஒவ்வொன்றாக எழுந்தன. வீடு கட்டியவர்கள் எல்லோரும் மழைத்தண்ணீர்க் குழாயை அந்தக் கடையில்தான் வாங்கினார்கள். வாங்கி, மாட்டி, குடிவந்த பிறகுதான் அவர்கள் காதில் சத்தம் விழுந்தது.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் திட்ட அலுவலகம் ஊர் வரைபடத்தை விரித்து, அந்தத் தெருவுக்கு மஞ்சள் வண்ணம் பூசியது. மஞ்சள் என்றால் குடியிருப்பு, தொழிலுக்கு இடமில்லை. ஏற்கெனவே இருக்கும் கடைகள் மட்டும் இருந்தது இருந்தபடியே நடக்கலாம். ஒரு குமாஸ்தா வந்து எட்டிப் பார்த்து, ‘தகரம் தட்டும் கடை. இரண்டு சுத்தியல். மோட்டார் இல்லை’ என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். அப்பா கையெழுத்துப் போட்டார். அந்தத் தாள் ஃபைலுக்குள் போய்ப் படுத்தது.

அப்பாவுக்குப் பிறகு மகள். இப்போது வயது ஐம்பத்தாறு. அவர் செய்வது பெரும்பாலும் பேக்கரிகளுக்கான ரொட்டித் தட்டு. தகடு வெட்டி, நாலு பக்கமும் மடக்கி, விளிம்புக்குள் கம்பி வைத்துச் சுருட்டி, மூலைக்கு ஈயம் வைக்க வேண்டும். ஒரு தட்டுக்கு நூற்றுப் பத்து அடி என்று ஒருமுறை எண்ணிப் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு எண்ணவில்லை, எண்ணினால் கை வலிக்கிறதாம். முப்பது வருடம் அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்ததால் அவருக்கு ரகசியம் பேச வராது. பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்டாலும் தெருமுனை வரை கேட்கும். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நாள் முழுவதும் கூட்டத்துக்குள் கத்தி வந்தவர் என்பதால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. புதிதாகக் குடிவந்தவர்கள்தான் புருஷனும் பெண்டாட்டியும் தினமும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எதிர் மாடியில் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்று, சேமிப்பையெல்லாம் போட்டு வீடு கட்டிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மதியம் இரண்டரையிலிருந்து நாலு வரை தூங்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. அது ஒரு நாளும் நடக்கவில்லை. அதற்காகச் சண்டைக்கு வருகிற ஆள் இல்லை. திட்ட அலுவலகத்துக்கு மனு எழுதுவார். எழுதியதைத் தபாலில் போடுவதற்கு முன்னால் கடைக்கு வந்து தகரக்காரம்மாவிடம் படித்துக் காட்டுவார். ஒருவரைப் பற்றி எழுதும்போது தப்பாக எழுதிவிடக் கூடாதல்லவா?

“காலை ஏழரை முதல் இடைவிடாது...” என்று ஆரம்பிப்பார்.

“எட்டுக்குத்தான் சார் தொறக்கறோம்” என்பார் தகரக்காரம்மா, தட்டுவதை நிறுத்தாமல்.

“எட்டா? சரி, எட்டுன்னு போட்டுடறேன்.”

“இடைவிடாதுன்னா எப்படி சார்? ஒரு மணிக்குச் சாப்பிடறோமே.”

“சாப்பாட்டு நேரம் நீங்கலாக” என்று அதையும் சேர்த்துக்கொள்வார்.

இப்படி ஆறு மனு போயிற்று. ஆறும் தகரக்காரம்மா சரிபார்த்தவை. ஒன்றுக்கும் பதில் இல்லை.

போன வருடம் தகரக்காரம்மாவின் வலது தோள் இறுகிப்போனது. கை மார்பு உயரத்துக்கு மேல் எழவில்லை. சுத்தியலைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து, தொழிற்பேட்டையில் ஷெட் வைத்திருக்கும் தம்பி பெரிய மெஷின் வாங்கினார். பழைய மடிப்பு மெஷின் அக்காவுக்கு வந்தது. சின்ன மோட்டார். தகட்டை உள்ளே கொடுத்துப் பெடலை மிதித்தால், தூங்குகிற குழந்தை புரண்டு படுப்பதுபோல ஒரு முனகல், அவ்வளவுதான். தட்டு மடங்கி வெளியே வரும். கையைத் தூக்கவே வேண்டாம். இனிமேல் எண்பது வயது வரை கடை நடத்தலாம் என்று தகரக்காரம்மா சொன்னது நாலு வீடு தள்ளிக் கேட்டது.

மூன்றாம் நாள் வாத்தியார் முகத்தில் தலையணை மடிப்புப் பதிய இறங்கி வந்தார்.

“என்னம்மா, கடைய மூடிட்டீங்களா? உடம்பு சரியில்லையா?”

“கடை நடக்குது சார். வந்து பாருங்க.”

பார்த்தார். பெடலை ஒருமுறை தானே மிதித்தும் பார்த்தார். அன்று முதல் தினமும் தூங்கினார். பன்னிரண்டு வருடக் கடன் போலத் தூங்கினார். ஒரு மாதம் தூங்கித் தெளிந்தபின், நன்றி சொல்லாமல் இருப்பது முறையில்லை என்று தோன்றவே, திட்ட அலுவலகத்துக்கு ஏழாவது கடிதம் எழுதினார். தாங்கள் எடுத்த நடவடிக்கையின் பயனாக மேற்படி கடையில் மின்மோட்டார் பொருத்தப்பட்டு, சுத்தியல் வேலை முற்றிலும் நின்று, தெரு அமைதியாக உள்ளது, மிக்க நன்றி. நல்ல சேதிதானே, பிறகு சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று, இந்த ஒரு கடிதத்தை மட்டும் அவர் கடையில் படித்துக் காட்டவில்லை.

ஆறு புகாருக்கு அசையாத அலுவலகம் ஒரு நன்றிக்கு ஐந்தே நாளில் ஓடி வந்தது. வந்தவர் கையில் அளவுநாடா. மெஷினை நீளம், அகலம், உயரம் என்று அளந்தார். மோட்டாரின் மேல் ஒட்டியிருந்த தகவலைக் குறித்துக்கொண்டார். பழைய ஃபைலிலிருந்து அந்த ஒற்றைத் தாளை எடுத்துக் காட்டி, “இதுல மோட்டார் இல்லைன்னு இருக்கு. இங்க இருக்கே” என்றார்.

விசாரணைக்கு அழைத்தார்கள். பெஞ்சில் தகரக்காரம்மா, கண்டக்டர், நடுவில் வாத்தியார். விசாரித்த அதிகாரி பொறுமையான அம்மா.

“முன்னால இருந்த தொழில் அப்படியே தொடரலாம்னுதான் உங்களுக்கு அனுமதி. மோட்டார் வெச்சதும் அது வேற தொழில் ஆயிடுது. வேற தொழிலுக்கு அந்தத் தெருவுல இடம் கிடையாது.”

“முன்னால காது கிழியும் மேடம்” என்றார் தகரக்காரம்மா. அறையே நிமிர்ந்து பார்த்தது. “இப்பச் சத்தமே இல்ல.”

“சத்தத்துக்கு அனுமதி இருக்கும்மா. மோட்டாருக்குத்தான் இல்ல.”

வாத்தியார் எழுந்து நின்றார். “மேடம், இந்தக் கடை மேல புகார் கொடுத்ததே நான்தான். ஆறு தடவை. இப்ப எனக்கு ஒரு புகாரும் இல்ல.”

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். “நீங்க புகார் கொடுத்ததா எதுவும் இல்லையே சார். ஒரு நன்றிக் கடிதம் மட்டும் இருக்கு. ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க.”

வாத்தியார் உட்கார்ந்தார். மூவரும் பஸ் ஏறித் திரும்பினார்கள்.

“நான் வேணும்னா விளக்கமா ஒரு கடிதம்...” என்று வாத்தியார் ஆரம்பித்தார்.

“சார்” என்றார் தகரக்காரம்மா. “உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே எழுதாதீங்க.” பஸ்ஸில் இருந்த எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

உத்தரவு வந்தது. பதினைந்து நாளில் மெஷினை எடுத்துவிட வேண்டும். சுத்தியல் வேலையை மட்டும் நடத்தலாம். முன்னறிவிப்பில்லாமல் வந்து பார்ப்பார்கள். தட்டுகிற வேலை நடக்கவில்லையென்றால் பழைய தொழில் கைவிடப்பட்டதாகக் கொண்டு கடை பூட்டி சீல் வைக்கப்படும்.

மெஷின் தொழிற்பேட்டைக்கே திரும்பிப் போனது. தகரக்காரம்மா வாரத்தில் மூன்று நாள் இரண்டு பஸ் மாறிப் போய், தம்பியின் ஷெட்டில் தட்டுகளை மடக்கிக் கட்டி எடுத்து வந்தார். கடையில் மூலைக்கு ஈயம் வைக்கிற வேலை மட்டும். ஈயம் சத்தம் போடாது. ஆனால் சட்டத்துக்குச் சத்தம் வேண்டும். ஆகவே கண்டக்டர் உட்கார்ந்து ஒரு பழைய தட்டைத் தட்டினார். அதில் ஆக வேண்டிய வேலை எதுவும் இல்லை. தட்டுவதுதான் வேலை.

வாத்தியார் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு ஓர் அட்டவணை தயாரித்துக் கொண்டுவந்தார். பத்து முதல் பதினொன்று. பதினொன்றரை முதல் பன்னிரண்டரை. மாலை நாலரை முதல் ஐந்தரை.

“மணி பாத்து அடிக்கிறதுக்கு நான் என்ன பள்ளிக்கூடத்துப் பியூனா சார்?” என்று கேட்டார் கண்டக்டர்.

“இருபத்தாறு வருஷம் மணி பாத்துத்தானே பஸ்ஸை எடுத்தீங்க?”

“பஸ்ஸு எங்கயாவது போய்ச் சேரும் சார்.”

இருந்தாலும் தட்டினார். மூன்றாவது வாரத்தில் அந்தத் தட்டு அப்பளம்போல ஆகி, நடுவில் ஓட்டை விழுந்தது. தகரக்காரம்மா வேறு தட்டு கொடுத்தார், பார்த்துத் தட்டுங்க, வீணாக்காதீங்க என்று சொல்லி. சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

அளவுநாடாக்காரர் வந்தது ஒரு வியாழக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு. அட்டவணைப்படி தெரு தூங்குகிற நேரம். கண்டக்டர் பேக்கரிக்குச் சரக்கு கொண்டுபோயிருந்தார். தகரக்காரம்மா தனியாக ஈயம் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“அமைதியா இருக்கே” என்றார் வந்தவர்.

“காலையில தட்டினோம் சார்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.” கட்டுக் கட்டாக அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்து மடிப்பின் மேல் விரலை ஓட்டினார். கோடு போட்டதுபோல இருந்தது. “இது கையால மடக்கினதில்லையே. தட்டிக் காட்டுங்க பாப்போம்.”

தகரக்காரம்மா சுத்தியலை எடுத்தார். வலது கை மார்பு வரை வந்து நின்றது. அதற்கு மேல் போ என்றால் போகவில்லை. இடது கைக்கு மாற்றிப் போட்டார். முதல் அடி தட்டின் மேல் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது பட்டறைக் கட்டையின் மேல். முப்பது வருடம் தட்டிய ஆள் போடுகிற அடியா இது என்று அந்த மனிதர் பார்த்த பார்வையில் தெரிந்தது. அவர் பேனாவின் மூடியைத் திறந்தார். தகரக்காரம்மா வாழ்க்கையில் முதல்முறையாகத் தணிந்த குரலில், “கை கொஞ்சம் சரியில்ல சார்” என்றார்.

எதிர் மாடியில் ஜன்னல் படாரென்று திறந்தது.

“ஆரம்பிச்சாச்சா? மணி மூணு. மனுஷன் கண்ணை மூடக் கூடாதா இந்தத் தெருவுல?” வாத்தியார் பனியனோடு பாதி உடம்பு வெளியே தெரிய நின்றார். முகம் சிவந்திருந்தது. “பன்னெண்டு வருஷமா இதே பொழப்பு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் தூங்க விட்டிருப்பீங்களா? கேக்க ஆளே இல்லையா?”

அளவுநாடாக்காரர் தலையை நிமிர்த்தினார். “சார், நான் திட்ட அலுவலகம்.”

“நல்லதாப் போச்சு. இந்தச் சத்தத்தை நிறுத்துங்க.”

“நிறுத்த முடியாது சார். சட்டப்படி அவங்களுக்கு உரிமை இருக்கு. நீங்கதான் பழகிக்கணும்.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

வாத்தியார் ஜன்னலை அறைந்து சாத்தினார். அளவுநாடாக்காரர் கடை வாசலில் நின்றபடி எழுதினார்: தொழில் தொடர்ந்து நடைபெறுகிறது. அக்கம்பக்கத்து ஆட்சேபம் உண்டு, விளக்கம் அளிக்கப்பட்டது. தகரக்காரம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “பயப்படாம தட்டுங்கம்மா, யாராவது ஏதாவது சொன்னா ஆபீஸுக்கு வாங்க” என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய ஜீப் தெரு திரும்பும் வரை தகரக்காரம்மா அசையவில்லை. பிறகு ஜன்னல் மெல்லத் திறந்தது. வாத்தியார் இப்போது சட்டை போட்டிருந்தார்.

“போயிட்டாரா?”

“போயிட்டார் சார். என்ன சார் நீங்க, இப்படிப் பொளந்து கட்டிட்டீங்க.”

“இந்த வயசுல பொய் சொல்ல வெச்சுட்டீங்களேம்மா.” அவர் குரலில் கோபம் போய், ஏதோ கணக்கில் விடை தவறிவிட்டது போன்ற சங்கடம் இருந்தது. “ஒரு நாள்கூடத் தூங்கலைன்னு சொன்னேன். மெஷின் வந்ததுலேர்ந்து தினமும் தூங்கியிருக்கேன். இன்னிக்கும் தூங்கிட்டுத்தான் இருந்தேன்.”

“அதனால என்ன சார்? போய்ப் படுங்க.”

“படுக்க முடியாது. தட்டுங்க.”

“எதுக்கு சார்?”

“இன்னிக்குத் தூங்கலைங்கறதாவது உண்மையா இருக்கட்டும்.”

தகரக்காரம்மா இடது கையால் சுத்தியலை எடுத்தார். வாத்தியார் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து அடி போனது. அதில் ஏழு, தட்டின் மேல் விழுந்தது.

“போதுமா சார்?”

“இன்னும் கொஞ்சம்” என்றார் வாத்தியார், கண்ணைக் கசக்கிக்கொண்டு.