உப்புத் திரைக்கு முன்னால் பாய் விரித்தவர்கள்

எழுபத்து நாலில் தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக நுழைந்து, இரண்டாயிரத்து ஏழில் தாசில்தாராக வெளியே வந்தேன். இடையில் எத்தனையோ பேர் என்னிடம் வேலை பார்த்தார்கள். ஓய்வு பெற்ற மறு ஆண்டு நான் என் மகளிடம் வேலைக்குச் சேர்ந்தேன். நேர்முகத் தேர்வு, நியமன ஆணை எதுவும் கிடையாது. "அப்பா, சும்மாதானே இருக்கீங்க" என்றாள். அதுதான் ஆணை.

மகள் சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவள். படித்து முடித்து ஒரு விளம்பரக் கம்பெனியில் சேர்ந்து, சோப்பு நுரை எவ்வளவு மெதுவாக வழிய வேண்டும், நெய் எந்தக் கோணத்தில் இட்லியின்மேல் விழ வேண்டும் என்றெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். நல்ல வேலை. அதை விட்டுவிட்டு, டெல்லியில் ஒரு கலை அறக்கட்டளை தந்த உதவித்தொகையோடு ஊருக்கு வந்து நின்றாள். வாலிநோக்கத்தில் உப்பைச் சேர்த்து வைக்கும் ஒரு பழைய கிட்டங்கிக்குள் திரைகள் செய்து நிறுத்தப் போகிறாளாம். திரை துணியில் அல்ல, உப்பில். அதன்மேல் வீடியோ ஓடும். ஆனால் சினிமா போல அதுபாட்டுக்கு ஓடாது. பார்க்க வந்தவர் நடந்தால் திரையில் கடல் நடக்கும். அவர் நின்றால் கடலும் நிற்கும். யாருமே அசையாவிட்டால் இருட்டு.

"பாக்குறவன்தான் வேலை செய்யணுமா?" என்று கேட்டேன்.

"ஆமாப்பா."

"அப்ப நீ எதுக்கு?"

அவள் கம்பி வளைத்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவிக்கு இதில் சம்மதம் இல்லை. சுற்றி வளைத்துப் பேசும் வழக்கமும் அவளுக்கு இல்லை. ஒருநாள் மதியம் குழம்பை ஊற்றிக்கொண்டே மகளிடம் சொன்னாள்: "இங்க பாரு. டெல்லிக்காரங்க வந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்னாகன்னா, மேற்கொண்டு ரெண்டு வருசம் உதவி கிடைக்கும். நீ உன் உப்பைக் கட்டிக்கிட்டு இரு. சரியில்லன்னு சொல்லிட்டாகன்னா, பேசாம கம்பெனிக்குத் திரும்பிப் போயிறணும். உன் இடத்தை இன்னும் காலியாத்தான் வச்சிருக்காக."

மகள் கையை நீட்டி அப்பளத்தை எடுத்துக்கொண்டு "சரி" என்றாள்.

இரு தரப்பும் மனமொப்பிச் செய்துகொண்ட உடன்படிக்கை. நான் சாட்சி. அவள் சோப்பு நுரைக்குத் திரும்பிப் போவதை நான் விரும்பவில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கே தெரிந்தது. மோர் கேட்டேன்.

கிட்டங்கி கீழக்கரைக்காரர் ஒருவருடையது. அவர் துபாயில் இருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னதும், "உப்பு வைக்கத்தான சார் கட்டுனோம், உப்பை வச்சுக்கங்க" என்று சாவியைக் கொடுத்தனுப்பச் சொல்லிவிட்டார். ஒரு காரியம் அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அடுத்தது அரசாங்கம் என்பதால் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பொதுமக்கள் கூடுமிடம், மின்சாரம், படம் காட்டுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அனுமதி வாங்காமல் முடியாது. தாலுகா அலுவலகத்தில் என் பழைய நாற்காலியில், ஒரு காலத்தில் என்னிடம் எழுத்தராக இருந்தவர் உட்கார்ந்திருந்தார். மரியாதைக்குக் குறைவில்லை. டீ வந்தது.

"என்ன படம் சார் போடுறீங்க?"

"படம்னு சொல்ல முடியாது."

"எத்தனை மணிக்கு ஆரம்பம்?"

"ஆரம்பம் கிடையாது. ஆள் உள்ள வந்தா ஆரம்பம்."

"முடிவு?"

"அதுவும் கிடையாது."

"வர்றவங்க என்ன செய்யணும்?"

"அங்கிட்டும் இங்கிட்டும் நடக்கணும். நடந்தாத்தான் ஏதாவது நடக்கும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "சார், ஆரம்பம் இல்ல, முடிவு இல்ல, வந்தவன் நடந்துக்கிட்டே இருக்கணும். இதுக்கு எதுக்கு சார் வாலிநோக்கம் வரைக்கும் போறீங்க? நம்ம ஆபீசுலயே நடக்குதே."

டூரிங் டாக்கீஸ் என்று விண்ணப்பித்தால் தீயணைப்புத் துறையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு துறையாகச் சான்று கேட்பார்கள். சர்க்கஸ் என்றால் மிருகம் எங்கே என்பார்கள். "கைவினைப் பொருட்காட்சி, ஒருநாள் மட்டும்" என்று போடச் சொன்னேன். போட்டார். மகளுக்கு அது பிடிக்கவில்லை.

"இது கைவினை இல்லப்பா. கலை."

"கலைக்கு அனுமதி கொடுக்க விதி இல்லம்மா. இல்லாத விதியில விண்ணப்பம் போட்டா, இல்லாத அனுமதிதான் வரும்."

திரைகள் உருவான விதத்தைச் சொல்ல வேண்டும். கம்பியை வளைத்து முதலில் உருவம் செய்தாள். ஒன்று காற்று நிறைந்த பாய்மரம், ஒன்று திருக்கை மீன், ஒன்று ஆளைவிட உயரமான அலை. அவற்றின்மேல் பழைய மீன்வலையைப் போர்த்தி, உப்பளப் பாத்தியில் உப்பு முற்றிய நீருக்குள் இறக்கி வைத்தாள். நாளாக ஆக வலைக் கண்களில் உப்பு பூத்து, பரல் பரலாகக் கட்டிக்கொண்டது. எடுத்து நிறுத்திப் பின்னாலிருந்து ஒளியைப் பாய்ச்சினால் ஒவ்வொரு பரலும் தனித்தனியாக எரிந்தது. எனக்கே ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அளத்தில் வேலை பார்த்த பெண்களுக்கு வந்தது.

"என்ன தாயி, திருக்கையைக் கருவாடு போடுறீகளா?"

"இம்புட்டு உப்புப் போட்டா எவன் திம்பான்?"

முதலில் செய்த அலையைக் கிட்டங்கியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கம்பியும் வலையும் மட்டும் நின்றன. கடற்காற்றின் ஈரத்தில் உப்பு கரைந்து தரையில் குட்டையாகக் கிடந்தது. மகள் அழுவாள் என்று எதிர்பார்த்து, சொல்ல வேண்டிய ஆறுதலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவளோ குட்டையைப் பார்த்துவிட்டு, "அலை வடிஞ்சிருச்சுப்பா" என்று சிரித்தாள். அடுத்த அலைக்குச் சுற்றிலும் குண்டு பல்புகளைத் தொங்கவிட்டாள், கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு வைப்பதுபோல. உப்பு கட்டியாக நின்றது.

பிறகு கடலைப் பழக்கும் வேலை. கிட்டங்கிக் கூரையில் இருட்டிலும் பார்க்கக்கூடிய ஒரு சிறு கேமராவை மாட்டியிருந்தாள். கீழே இருப்பவர்களின் அசைவை அது பார்த்து மடிக்கணினிக்குச் சொல்லும். எவ்வளவு அசைந்தால் எவ்வளவு கடல் வர வேண்டும் என்பதை அவள் கணினியில் கூட்டிக் குறைத்து வைப்பாள். சோதிக்க ஆள் வேண்டும். இருந்தது நான்தான். சர்க்கரைக்காக என்னை வேகமாக நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டங்கிக்குள் கிழக்கும் மேற்குமாக நடந்தேன். கடல் என்னோடு வந்தது. திரும்பினால் திரும்பியது. என் பணிக்காலம் முழுவதிலும் எந்த ஊழியரும் எனக்கு இவ்வளவு சீக்கிரம் கட்டுப்பட்டதில்லை. "சரியா வந்துருச்சுப்பா, போதும்" என்றாள் மகள். இப்படியாக அந்தக் கடல் ஒரு சர்க்கரை நோயாளியின் நடைக்குப் பழகியது.

உள்ளூர் மக்கள் பங்கேற்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் நிபந்தனை. ஆள் கூட்டுவது எனக்குத் தெரியாத வேலையா? எத்தனை அமைச்சர்களுக்குக் கூட்டியிருப்போம். அளத்துப் பெண்களிடம் சொல்லிவைத்தேன். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் விவசாயம் பார்க்கும் அக்காவுக்குப் போன் போட்டு, "ஒன் மருமக படம் காட்டுறா, ஆளுகளைக் கூட்டிட்டு வா" என்றேன். வயலில் வேலையில்லாத ஆடி மாதம். மினி லாரி நிறைய வந்து இறங்கினார்கள். பாய், தண்ணீர், முறுக்கு, பனையோலை விசிறி என்று ஒரு பயணத்துக்கு வேண்டியதெல்லாம் கொண்டுவந்திருந்தார்கள்.

டெல்லியிலிருந்து நரைமுடியைக் கட்டையாக வெட்டிய ஓர் அம்மாள் வந்திருந்தார். சென்னையிலிருந்து குடுமி வைத்த ஒரு பேராசிரியர். இருவரும் சொல்வதுதான் தீர்ப்பு.

ஊர்க்காரர்கள் வாசலில் செருப்பை வரிசையாக விட்டார்கள். உள்ளே போனார்கள். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம். நடப்பதற்கென்று மகள் ஒழித்து வைத்திருந்த தரை முழுக்கப் பாயை விரித்து, திரைகளைப் பார்த்தபடி சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். அளத்துப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கு மறைக்கக் கூடாது என்று டெல்லி அம்மாளும் பேராசிரியரும் பின்சுவரோடு சாய்ந்து தூண் மாதிரி நின்றுவிட்டார்கள். கதவைச் சாத்திய பிறகுதான் மகள் காட்சியை இயக்கினாள்.

இருட்டு. யாரும் அசையவில்லை. கடலும் அசையவில்லை.

இவ்வளவு ஒழுக்கமான கூட்டத்தை எந்த அரசு விழாவிலும் நான் பார்த்ததில்லை. பிள்ளைகளைக்கூட மடியில் அமுக்கிப் பிடித்திருந்தார்கள்.

"கரண்டு இல்லையோ?"

"பொறுங்கப்பா. ரீல் மாட்டுவாக."

ஜெனரேட்டர் கொண்டுவந்திருந்த ஏர்வாடி மைக்செட்காரர் கதவிடுக்கில் தலையை நீட்டி, "சார், என்மேல தப்பு சொல்லாதீக, மிசின் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்று அறிவித்துவிட்டுப் போனார்.

நான் மகளைப் பார்த்தேன். மடிக்கணினி வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் தெரிந்தது. அதில் சிரிப்பு இல்லை. சோப்பு நுரை தெரிந்தது. "நடக்கச் சொல்லுங்கப்பா" என்று வாயசைத்தாள்.

எனக்குப் பழக்கமான குரலில், "எல்லாரும் எந்திரிங்க!" என்றேன்.

எழுந்தார்கள். ஒரே சமயத்தில். மடை உடைந்ததுபோல எல்லாத் திரைகளிலும் கடல் பொங்கியது. அடுத்த நொடி அத்தனை பேரும் கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து, தலையை நிமிர்த்திச் சிலையாக நின்றார்கள். கடல் அணைந்தது. கூட்டத்தில் தாசில்தார் எழுந்திருக்கச் சொன்னால் அது வாழ்த்துப் பாட்டுக்குத்தான் என்பது எங்கள் ஜனங்களுக்குத் தெரியும்.

"ஏலே, ஆடாம நில்லுடா" என்று ஒருவர் தன் மகனை அதட்டினார். பின்சுவரில் டெல்லி அம்மாளும் விறைப்பாக நின்றார். பாட்டு வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். உட்காரும்போது கடல் மறுபடி பொங்கி மறுபடி அணைந்தது.

"ஏய், எந்திரிச்சா வருது, உக்காந்தா வருது. நடுவுலதான் வரமாட்டேங்குது" என்றாள் அளத்துப் பெண் ஒருத்தி.

கண்டுபிடிப்பு பாய்க்குப் பாய் பரவியது. வரிசை வரிசையாக எழுந்து எழுந்து உட்கார ஆரம்பித்தார்கள். கடல் விட்டு விட்டு வந்தது. அக்கா சிறிது நேரம் ஈடுகொடுத்துப் பார்த்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே தம்பி! படம் பாக்கக் கூப்பிட்டியா, தோப்புக்கரணம் போடக் கூப்பிட்டியா?"

கிட்டங்கியே சிரித்தது. "நடக்கணும்க்கா. நடந்தா நல்லா வரும்" என்றேன்.

"எங்கிட்டு நடக்க? உக்காந்திருக்க ஆளுகளைத் தாண்டிக்கிட்டா? பாயை மிதிச்சுக்கிட்டா? தாசில்தாருக வேணா அப்படி நடப்பீக."

அலுவலகத்தில் ஜனங்கள் நிற்பார்கள், நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஜனங்கள் உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது எப்படி என்பதற்கு எந்தக் கையேட்டிலும் வழி சொல்லப்படவில்லை.

அக்கா காலை நீட்டி உட்கார்ந்தாள். "காத்துமில்ல ஒண்ணுமில்ல" என்று விசிறியை எடுத்து வீசிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்களும் வீசினார்கள். அப்போது மகள் சட்டென்று கணினியின் பக்கம் குனிந்தாள். எட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில் கேமரா காண்பது தெரிந்தது: உட்கார்ந்த உருவங்கள், அவற்றினிடையே ஆடும் விசிறிகள். எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. என் நடையோடு ஒப்பிட்டு, இதெல்லாம் அசைவில் சேராது என்று தள்ளுபடி செய்துகொண்டிருந்தது. மகள் அளவைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள்.

திருக்கையின் சிறகோரத்தில் முதலில் கொஞ்சம் நீலம் கசிந்தது. பிறகு பாய்மரத்தில் பாம்பன் பாலத்தடித் தண்ணீரின் பச்சை. பிறகு அந்தப் பெரிய அலை, உப்புப் பரல் ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தோடு, மெதுவாக மூச்சு வாங்கியது.

"மதினி, உங்க விசிறிக்குத்தான் கடல் ஆடுது!" என்றாள் பக்கத்துப் பெண்.

அக்கா விசிறியை நிறுத்தினாள். அலை தாழ்ந்தது. வீசினாள். எழுந்தது. "அட" என்றாள். அவ்வளவுதான், விசிறி இல்லாதவர்கள் முந்தானையை எடுத்தார்கள். ஆண்கள் பக்கம் துண்டைச் சுழற்ற, அந்தப் பக்கத் திரையில் புயல்.

"ஏலே மெதுவா வீசுங்கடா, வள்ளம் கவுந்துரும்!"

"நீ ஒன் பக்கத்துக் கடலைப் பாருத்தா!"

மகள் உப்பளத்தில் எடுத்திருந்த காட்சிகளும் இடையிடையே வந்தன. அளத்துப் பெண் ஒருத்தி தலையில் உப்புக் கூடையோடு தன்னையே கண்டு கத்தினாள்: "அந்தா நானு! விசிறியை நிப்பாட்டாதீகடி, நான் மறைஞ்சிருவேன்!"

டெல்லி அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெண்கள் பக்கம் வந்து தயங்கி நின்றார். அக்கா நகர்ந்து பாயில் இடம் விட்டு, கையில் ஒரு விசிறியையும் கொடுத்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனால் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் ஆண்கள் பக்கம் உட்கார்ந்து கைக்குட்டையை ஆட்டினார். அதற்குத் தகுந்தபடி சின்னதாக ஓர் அலை வந்தது.

சில வாரங்களில் டெல்லியிலிருந்து தகவல் கிடைத்தது. இரண்டு வருட உதவி உண்டு. அங்கே காட்சி வைக்கும்போது திரைகளோடு பாய்களும் பனையோலை விசிறிகளும் கட்டாயம் வர வேண்டும். மகள் கம்பெனிக்குப் போன் செய்து, தன் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். என் மனைவி உடன்படிக்கையை மீறுகிறவள் அல்ல. "அடுத்து எதுல செய்யப் போற? சீனியிலயா?" என்று மட்டும் கேட்டாள். அன்று பாயசம் வைத்திருந்தாள்.

விசிறி வாங்க ஏர்வாடிக்குப் போன நான், மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கினேன். கேட்க ஆளில்லை, பழக்கம். செய்தியைச் சொல்ல அக்காவுக்குப் போன் போட்டேன்.

"டெல்லியில ஏசி இருக்குமாம்ல. அங்கன எதுக்கு விசிறி?"

"கடல் ஆடணும்ல."

"அவுகளுக்கு வீசத் தெரியுமா?"

யோசித்துப் பார்த்தேன். "தெரியாதுதான்."

"அப்ப எனக்கும் ஒரு டிக்கெட்டுப் போடு. கீழ் பெர்த்தாப் போடு, முட்டி வலி."

கீழ் பெர்த் எந்த ஒதுக்கீட்டில் கிடைக்கும், எத்தனை மணிக்குக் கவுண்டரில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மறுநாள் காலை ராமநாதபுரம் ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்றேன்.