கழிப்பறைக்குப் பதினேழு அடி

பிசியோதெரபிஸ்ட் என்று சொன்னால், இந்தப் பக்கம் பாதிப் பேர் என்னைக் கால் பிடித்துவிட வந்தவள் என்று நினைத்து எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டுவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வயசானவர்களை மறுபடி நடக்க வைப்பதுதான் என் வேலை. மரக்காணத்துக்கும் அனுமந்தைக்கும் நடுவில் ஸ்கூட்டியில் வீடு வீடாக அலைகிறேன். அப்பாவையோ அம்மாவையோ நடத்திக் கூட்டிப்போய்ச் சேர்த்து, ஸ்ட்ரெச்சரில் திரும்பக் கொண்டுவந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

எல்லாம் நார்மல்

சவரிமுத்து ஐயாவுக்கு எழுபத்திரண்டு வயது. மழைக்கு முந்தின வாரம்வரை உப்பளத்தில் உப்பு வாரியவர். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தபோது, மருமகன் பைக்கில் பின்னால் உட்கார்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பதினொரு நாள் வைத்திருந்தார்கள். விழுந்துவிடப் போகிறார் என்று கட்டிலைவிட்டு இறங்கவே விடவில்லை. சிறுநீருக்கு டியூப், சாப்பாடு ஊட்டிவிட ஆள்.

சளி சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியபோது அவரால் நிற்க முடியவில்லை. தொடையைத் தொட்டுப் பார்த்தேன், சதை தொளதொளவென்று தொங்கியது. மகள் ஸ்டெல்லா டிஸ்சார்ஜ் பேப்பரை என்னிடம் நீட்டி அழுதாள்.

“எல்லாம் நார்மல்னு போட்டிருக்காங்க மேடம். நார்மலா இருந்தா எங்கப்பா ஏன் நிக்க மாட்டேங்குறாரு?”

அவர் கேட்டது

‘உங்களுக்கு என்ன செய்ய முடிந்தால் போதும்?’ என்று எல்லாரிடமும் முதல் நாளே கேட்டுவிடுவேன். சிலர் சர்ச்சுக்குப் போகணும் என்பார்கள், சிலர் பேத்தி கல்யாணம் என்பார்கள். ஐயா மட்டும், ஸ்டெல்லா அடுப்படிக்குப் போகும்வரை வாயைத் திறக்கவில்லை. மனைவி இறந்து வருஷங்களாகிவிட்டன. டயாப்பர் மாற்றுவது மகள்தான். மாற்றும்போதெல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்கிற மனிதர். அவர் சொன்னதைக் கேட்டதும், கட்டிலிலிருந்து பின்பக்கக் கழிப்பறைக்கு நடந்து பார்த்தேன். பதினேழு அடி.

“உப்பளத்துக்குப் போவணும்னு கேக்கலம்மா. என் பொண்ணு கைய வெச்சுக் கழுவாம, நானா போய்ட்டு வந்தா போதும்.”

பார்க்க வருகிறவர்கள்

மூன்றாவது வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி வைத்தார். நான் கைதட்டினேன், அவருக்கு வெட்கம். ஆனால் நம் ஊரில் ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டால் தெருவே பார்க்க வரும். ஹார்லிக்ஸ் வரும், ஆரஞ்சு வரும், ஜெபம் சொல்ல, சர்ச்சின் தெருக் குழுவான அன்பியக் கூட்டம் மொத்தமும் வரும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஸ்டெல்லா ஓடிவந்து, நாற்காலியில் இருப்பவரைப் படுக்க வைத்துப் போர்வையை இழுத்துவிடுவாள். ஐயாவும் லேசுப்பட்டவரில்லை. வந்தவர்கள் ஏமாறக் கூடாதென்று கொஞ்சம் முனகியும் வைப்பார்.

ஒருநாள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உட்கார வைத்த மனிதரை ஏன் சாய்க்கிறாய் என்று ஸ்டெல்லாவிடம் கத்தினேன்.

“படுத்துக் கெடக்க வேண்டிய மனுசன இவ உக்கார வெச்சு வதைக்கிறான்னு பேசுறாங்க மேடம். நீங்க வண்டிய எடுத்துட்டுப் போய்டுவீங்க, நான் இந்தத் தெருவுலதான இருக்கணும்?”

பதினைந்தாவது அடி

அந்தத் தெருக்காரர்களை நானே ஒருநாள் உட்கார வைத்து விளக்கிச் சொல்லியிருக்கலாம். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று ஓடிக்கொண்டே இருந்தேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆறாவது வாரம். ஸ்டெல்லா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஐயா தானாக எழுந்து, தானாக வாக்கரைப் பிடித்து, பதினைந்து அடி போய்விட்டார். அந்த நேரம் பார்த்து அன்பியத்திலிருந்து நாலு பேர் உள்ளே வந்திருக்கிறார்கள். பதறிப்போய் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, கட்டிலில் கொண்டுவந்து போட்டார்கள். இறக்கிவிடச் சொல்லி அவர் கத்தியது அவர்களுக்கு ஜுர வேகத்தில் பேசுவதாகப் பட்டிருக்கிறது. அதுவரை அடக்கி வைத்திருந்தவருக்குத் தூக்கிய வழியிலேயே லுங்கி நனைந்துவிட்டது. அதையும் அவர்களே அன்பாகத் துடைத்து, வேறு லுங்கி மாற்றிவிட்டார்கள். திரும்பி வந்த ஸ்டெல்லாவுக்கு, அப்பாவைத் தனியாக விட்டதற்காகத் தெருவே கேட்கத் திட்டு விழுந்தது.

மறுநாள் போனேன். வாக்கர் பரண்மேல் ஏறியிருந்தது. ஐயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் எனக்கே அழுகை வந்துவிட்டது. அவர் திரும்பவில்லை.

“ரெண்டே அடிதாம்மா இருந்துது. நாலு பேரு சேந்து தூக்கிட்டாங்க. இனிமே எதுக்கும்மா நடக்குறது, வுட்டுடு.”

சோர்ந்துபோன காலை நிமிர்த்த எனக்கு நாலரை வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டிலைச் சுற்றி நிற்கிற பாசத்தைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வது எப்படி என்பதற்கு மட்டும் பாடம் வைக்க மறந்துவிட்டார்கள்.