ஷாஹீதா நகர்த்திய கற்கள்

நாகமலையின் மேற்குச் சரிவில் ஏறும் ஒற்றையடிப் பாதை முழுவதையும் நான் ஒருத்தியே கடப்பாரை பிடித்துச் செப்பனிட்டேன் என்று பேரன் பேத்திகளிடம் அளந்துவிட்டிருக்கிறேன். உள்ளதைச் சொன்னால், நான் ஓரமாக உட்கார்ந்து வெட்டிப்போட்ட சீமைக்கருவேல முள்ளைக் குச்சியால் தள்ளியவள். பாதையைப் போட்டவள் ஷாஹீதா.

நாங்கள் ஏழு பெண்கள். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போய், மலையேறுகிறவர்கள் தடுக்கி விழாதபடி பாதையைச் சரிசெய்துவிட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவோம். கூலி கிடையாது, ஆசைதான். ஷாஹீதா கோரிப்பாளையத்துக்காரி. நாற்பத்தாறு வயது. வாரம் முழுக்கப் பள்ளிச் சீருடை தைக்கிறவள், கொத்தனார் மகள். படிக்கல் ஒன்றைப் பதித்ததும் அதன்மேல் குதிகாலை வைத்து ஆட்டிப் பார்ப்பாள். துளி அசைந்தாலும், “கல்லு பேசுது டீச்சர்” என்று பெயர்த்தெடுத்து மறுபடி பதிப்பாள். ஒரே கல்லை ஐந்து தரம் பெயர்த்ததைப் பார்த்திருக்கிறேன். மழைத் தண்ணீர் பாதையை அரிக்காமல், குறுக்கே சாய்வாகக் கல் வரிசை போட்டு ஓரத்துக்குத் திருப்பிவிடுவதும் அவள்தான். “வீட்டுல யாரும் நான் சொல்றதக் கேக்குறதில்ல. தண்ணியாச்சும் கேக்குதே” என்பாள்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், சரியான வழிக்கு அடையாளமாக மூன்று கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தோம். ஆடியில் ஒருநாள், ஏறிவந்த கல்லூரிப் பெண்கள், “இது என்ன பாட்டி?” என்றார்கள். முப்பத்திரண்டு வருஷம் வரலாறு நடத்திய வாய், சும்மா இருக்குமா? “தடங்காட்டி முனி. வழிதவறின நானூறு ஆட்டையும் ஒரு குட்டி குறையாமல் பட்டியில் சேர்த்த சாமி. கல் ஒன்று வைத்துக் கும்பிட்டால் அரியர் எல்லாம் கிளியர் ஆகிவிடும்” என்றேன்.

அடுத்த வாரம் ஏழெட்டுக் கல் கூடியிருந்தது. அடுத்த மாதம் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம். புரட்டாசியில் அடிவாரத்து ஊரார் பொங்கலே வைத்துவிட்டார்கள். இது யார் கைங்கரியம் என்று எங்கள் குழுவில் முனீஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும். கப்பலூர்க் கம்பெனியில் வேலை பார்க்கும் வாய்த்துடுக்கான பிள்ளை, அன்றைக்குப் பக்கத்தில் நின்றாள். நான் வாய்க்குள் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

ஐப்பசி மழையில் அந்த இடத்தின் ஓரம் சரிந்துபோனது. கும்பிடுகிறவர்கள் பள்ளத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டிய நிலை. “டீச்சர், இது நம்ம வச்ச கல்லுதானே? சனங்க கும்பிடுறாகளே, நகட்டலாமா?” என்று ஷாஹீதா என்னிடம்தான் கேட்டாள்.

“நம்மதுதான், நகட்டு” என்றேன்.

ஒவ்வொரு கல்லாக இரண்டு கையாலும் ஏந்திப்போய், பூசிய மஞ்சள்கூட அழியாமல், பத்தடி மேலே அடுக்கினாள்.

மறு ஞாயிறு அடிவாரத்தில் பத்துப் பேர் எங்களை மறித்து நின்றார்கள். முன்னால் கருத்தக்கண்ணன். அந்த ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

“சாமிய எடுத்தது யாரு?”

“நான்தாண்ணே. எடுக்கல, நகட்டித்தான் வச்சேன். ஓரம் சரிஞ்சிருச்சு.”

“உம் பேரென்ன தாயி?”

“ஷாஹீதா.”

“ஓகோ” என்றார். அந்த ஓகோவிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. “எங்க சாமியில கை வைக்க உனக்கு என்ன உரிமை? இனிமே இந்த மலைப் பக்கம் வராத.”

ஷாஹீதா என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அந்தச் சாமியை உண்டாக்கியதும் நான், நகர்த்தச் சொன்னதும் நான். குனிந்தேன். இறுக்கமாகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து, மறுபடி கட்டினேன். நிமிர்ந்தபோது கடப்பாரையைப் பாதையோரம் கிடத்திவிட்டு அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டு ஞாயிறு அவள் இல்லாமல் ஏறினோம். அவள் பதித்த படி ஒன்றுகூட என் காலடியில் அசையவில்லை. அதில் கால் வைக்கவே எனக்குக் கூசியது.

மூன்றாம் ஞாயிறு நான் கருத்தக்கண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர், “அப்ப நாங்க அம்புட்டுப் பேரும் கட்டுக்கதையவா கும்பிட்டோம்?” என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க” என்றார். ஷாஹீதா திரும்பி வந்தாள்.

இதுவரை எழுதியதை, நேற்று வேலை முடிந்து எல்லாரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது வாசித்துக் காட்டினேன். ஷாஹீதா தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முனீஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டாள்.

“டீச்சர், கருத்தக்கண்ணன் மாமா வீட்டுக்குப் போனது நான். நீங்க அன்னைக்கு முட்டி வலின்னு போன் போட்டுட்டு வரவே இல்ல. ஷாஹீதா அக்காகிட்டயும் இன்னும் மன்னிச்சுக்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. இந்தா, இங்கனதான் உக்காந்திருக்காங்க.”