அத்தை ஏறிய ஈஸ்டர் மலை

நைனாவின் தங்கையான என் அத்தை, காசநோய் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாள். இடப்பக்கத்து விலா எலும்புகளில் சிலவற்றை எடுத்துவிட்டதால் அந்தத் தோள் இறங்கிப்போயிருந்தது. யாரோ சொன்ன ரகசியத்தைக் கேட்கக் குனிந்தவள் நிமிர மறந்துவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றும். எதைச் சொன்னாலும் பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியைச் சொல்வாள். அந்த இடைவெளியில் மீதி என்னவாயிருக்கும் என்று ஊகிப்பது என் விளையாட்டு. பெரும்பாலும் தப்பாகவே ஊகித்தேன்.

எல்லைத் தகராறு அப்போதுதான் ஓய்ந்திருந்தது. திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று. புத்தூரும் நகரியும் நடுவில் கிடந்த எங்கள் ஊரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. ஊர்வலங்களில் தொண்டை கிழியக் கத்தியவர் நைனா. தோற்ற கோபத்தில், வீட்டுக்குள் ஒரு தெலுங்குச் சொல்லும் விழக்கூடாது என்று சட்டம் போட்டார். சந்தையில் கத்தரிக்காய்க்கு அவரே தெலுங்கில்தான் பேரம் பேசுவார். அது வீட்டுக்கு வெளியே என்பதால் சட்டத்தில் சேராது.

ஊருக்கு மேற்கே ஒரு மொட்டை மலை. ஈஸ்டரன்று விடியுமுன் எங்கள் சபையார் எல்லாரும் அதன்மேல் ஏறி, சூரியன் எழும்போது ஆராதனை செய்வார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கிய வாரத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனாவிடம் அத்தை சொன்னாள்:

“இந்த ஈஸ்டருக்கு நானும்…” மூச்சு வாங்கினாள். “மல ஏறணும்ண்ணா.”

நைனாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. “இன்னாத்துக்கும்மா உனுக்கு இந்த வேல? மாடிப்படி கூட ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? கீழ வண்டியில உக்காந்துக்கினு ஜெபம் பண்ணா ஆண்டவருக்குக் கேக்காதா?”

“கேக்கும்ண்ணா,” என்றாள் அத்தை. மறுநாள் சாயங்காலமே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தண்ணீர்ச் சொம்பைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். முதல் நாள் ஏரிக்கரையோடு சரி. பிறகு மலையடிவாரம். பிறகு ஒவ்வொரு பாறையாக மேலே. உட்காரும்போதெல்லாம் விலாவில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். கீழே கரும்பாலைகளில் வெல்லம் காய்ச்சும் புகை எழுந்து வயல்மேல் அப்படியே மிதந்துகொண்டிருக்கும். வெயில் போன பிறகும் பாறை சுடும். அதில் கன்னத்தை வைத்துப் படுத்தால் எனக்குக் கண் சொருகும். அத்தையின் மூச்சும் காற்றும் காதில் ஒன்றாகக் கலந்து, மலைதான் மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போவேன். எழுப்பும்போது வானம் முழுக்க நட்சத்திரமாயிருக்கும்.

பாதி மலை வரை வந்துவிட்டோம். அப்போது அவளுக்குக் காய்ச்சல் கண்டது. படுக்கையிலிருந்து எழுந்ததும் மறுபடி ஏரிக்கரையிலிருந்து தொடங்கினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“பாதி மல ஏறிட்டமே அத்த. அங்கேர்ந்தே ஏறலாமே.”

“மலைக்கு அது ஞாபகம் இருக்கும் கண்ணு. என் ஒடம்புக்கு இல்லியே.”

ஈஸ்டர் விடியலில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் மலைமேல் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. நைனா, மூங்கிலில் நாற்காலி கட்டி, தூக்குவதற்கு ஆட்களோடு வந்திருந்தார். அத்தை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாதிக்குமேல் வந்ததும் உதடு கறுத்து, உட்கார்ந்துவிட்டாள்.

“உக்காரும்மா நாற்காலியில. உன் காலப் புடிச்சிக் கேக்கறேன்.”

“நீ போண்ணா. நீ பாட்டெடுத்துக் குடுக்கலன்னா… ஐயர் இன்னா பண்ணுவாரு? நான் வரேன்.”

எங்கள் போதகரான ஐயருக்குப் பிரசங்கம் வரும், பாட்டு வராது. நைனா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினார்.

நாங்கள் பாறைகளுக்கிடையே இருக்கும்போதே விடிந்துவிட்டது. வெளிச்சம் முதலில் உச்சியில் விழுந்தது. அதோடு நைனாவின் குரலும், பின்னால் எல்லாருடைய குரலும் எங்கள் தலைக்குமேல் எங்கோ எழுந்தன. பிறகு வெயில் பாறை பாறையாக எங்களிடம் இறங்கி வந்தது. ஆராதனை முடிந்து ஜனங்களும் இறங்கத் தொடங்கினார்கள். “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்,” என்று வாழ்த்தியவர்கள், “இம்மாந்தூரம் வந்ததே பெருசும்மா, போதும் திரும்பு,” என்றும் சொன்னார்கள். “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்,” என்று அத்தை ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த பாறையைப் பிடித்தாள்.

கடைசியாக இறங்கி வந்த நைனா என் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு, எங்கள் பின்னாலேயே மறுபடியும் ஏறினார்.

உச்சியில் யாரும் இல்லை. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அத்தை பாறைமேல் மல்லாந்து வெகுநேரம் கிடந்தாள். பிறகு எழுந்து முழங்கால் போட்டு, “பிரபுவா…” என்று தொடங்கினாள். முழு ஜெபமும் தெலுங்கு. பயத்தோடு நைனாவைப் பார்த்தேன். அவர் தலை குனிந்து நின்றார். அத்தை முடித்ததும், “ஆமென்,” என்றார்.

“எதுக்கு அத்த தெலுங்குல பண்ண?”

“அவளுக்கு…” மூச்சு வாங்கினாள். “அதான் கண்ணு புரியும்.”

“அவளுக்கு இல்ல அத்த, அவருக்கு. ஆண்டவர் ஆம்பளயாச்சே!”

அத்தை சிரித்தாள். விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் தெலுங்கு மட்டுமே தெரிந்த பலமனேர்ப் பெண் ஒருத்தி இருந்ததை, நான் கல்யாணமாகிப் போனபிறகுதான் அத்தை சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. வெளியே வருகிறவள் அடுத்த ஈஸ்டருக்குத் தன் ஊர் மலையில் ஏறி, இரண்டு பேருக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்களாம். அத்தை வெளியே வந்தாள். அந்தப் பெண் அந்தக் குளிர்காலத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். நைனா பார்க்கப் போகும்போதெல்லாம் அவரை அவளும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாளாம்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அத்தையின் கையைப் பிடித்து நைனா மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தார். முன்னால் குதித்துப் போன நான் நெடுநேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்து, திரும்பிக் கேட்டேன்.

“நைனா, இந்த மல ஆந்திராவுல கீறதாலதான் ஆண்டவருக்குத் தெலுங்குல சொல்லணுமா?”

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். நைனா தங்கையின் முகத்தைப் பார்த்தார்.

“ஆமாம்மா,” என்றார்.

நைனா ஒருவழியாக எல்லையை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்தச் செய்தியை அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டுமென்று, அவர்களை விட்டுவிட்டு மலையிறங்கி ஓடினேன்.