உப்புத் தண்ணிக்கு உப்பு

மல்லாங்கிணறு மூன்றாம் தெருவில் தங்கலட்சுமி என்றால் கண்ணாடி டம்ளர்தான் நினைவுக்கு வரும். அவள் அலமாரியில் இருபத்துநாலு டம்ளர் இருந்தன. முப்பத்தொரு வருஷத்தில் உடைந்தது இரண்டு. இரண்டுக்கும் பதில் வாங்கி வைத்துவிட்டாள். தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் அவை போய் வரும். திரும்பி வந்த அன்றே புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, பழைய வேட்டித் துணியால் துடைத்து, ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். போர்த் தண்ணீர் கரிக்கிற ஊரில் கண்ணாடி அப்படி மின்னுவது லேசுப்பட்ட காரியமில்லை.

2023 ஆடி 22, திங்கட்கிழமை, அடுத்த வீட்டு ஈஸ்வரிக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் வந்து இறங்கியது. ஈஸ்வரி தங்கலட்சுமியின் கொழுந்தன் மனைவி. சென்னையில் வேலை பார்க்கும் மகன் அனுப்பியிருந்தான். தெருவே போய்ப் பார்த்தது. தங்கலட்சுமியும் போனாள், போகாவிட்டால் பொறாமை என்பார்கள். போனபிறகுதான் வயிறு நன்றாக எரிந்தது.

மெஷினை மாட்ட வந்த மாரிசெல்வம் ஒரு உப்புப் பாக்கெட்டைக் கொடுத்து, உள்ளே அடியில் இருக்கும் குழியில் தண்ணீர் ஊற்றி இதைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினான்.

"நம்ம ஊருத் தண்ணியே உப்புத் தண்ணி. அதுக்கு மேல உப்ப வேற கொட்டணுமாக்கும்? மெஷினு துருப்பிடிச்சுப் போகும் ஈஸ்வரி" என்றாள் தங்கலட்சுமி. கூட்டம் சிரித்தது. ஈஸ்வரிக்கு அது நியாயமாகப் பட்டது. பாக்கெட் பரண் ஏறியது.

மூன்றாம் நாளே டம்ளர்களில் வெள்ளைப் படலம் தெரிந்தது, மோர் குடித்துவிட்டுக் கழுவாமல் வைத்தது போல. ஈஸ்வரி சோப்பு வில்லையை இரண்டாகப் போட்டாள். இரண்டு தரம் ஓட்டினாள். படலம் தடித்ததே தவிரக் குறையவில்லை. தங்கலட்சுமி தினமும் சாயங்காலம் கறிவேப்பிலை கேட்டுப் போய், டம்ளர்களைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினாள்.

ஆடி 31, பஸ் நிறுத்தத்தில் மாரிசெல்வத்தைப் பார்த்தபோது அந்த உப்பு எதற்கு என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். தண்ணீரில் இருப்பது சோற்று உப்பு இல்லை, சுண்ணாம்பு என்றான் அவன். அதைப் பிடித்துவைக்க மெஷினுக்குள் மணிகள் இருக்கின்றன. பாக்கெட் உப்புதான் அந்த மணிகளைக் கழுவி மறுபடி வேலைக்கு விடும். இந்த மாதிரி ஊருக்கு அது கட்டாயம் வேண்டும் என்றான். தங்கலட்சுமி தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணி 10, ஞாயிறு, ஈஸ்வரி மகள் காளீஸ்வரியைத் திருச்சுழியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. முந்தின நாள் ஈஸ்வரி வந்து நின்றாள்.

"அக்கா, ஒங்க டம்ளரக் குடுங்க. எங்க டம்ளர எடுத்து வச்சா மாப்ள வீட்டுக்காரவுக கழுவாததுன்னு நெனைப்பாக. மெஷினத் திருப்பி எடுத்துக்கச் சொல்லிட்டேன்."

கேட்க ஆசைப்பட்டது அவ்வளவும் கிடைத்தது. தங்கலட்சுமி இருபத்துநாலையும் தானே சுமந்துகொண்டு போய் வைத்தாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா பழரசத்தைக் குடித்து முடித்து, காலி டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். அடுப்படியில் இருந்த மெஷினை வந்ததுமே பார்த்திருந்தாள்.

"என்னமாக் கழுவியிருக்கு! மெஷினுன்னா மெஷினுதான். நாங்களும் ஒண்ணு வாங்கணும்."

ஈஸ்வரி சிரித்தாளே ஒழிய மறுக்கவில்லை. அடுப்படி வாசலில் பலகாரத் தட்டோடு நின்ற தங்கலட்சுமிக்குத் தொண்டை வரை வார்த்தை வந்தது. சொன்னால் அந்தப் பிள்ளையின் சம்பந்தம் கெடும். விழுங்கிவிட்டாள். பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் டம்ளர் எடுக்க வந்த தங்கலட்சுமி, முதலில் பரணிலிருந்து பாக்கெட்டை இறக்கினாள். குழியைத் திறந்து தண்ணீர் ஊற்றி உப்பைக் கொட்டினாள்.

"என்னக்கா பண்றீக?"

"உப்புத் தண்ணிக்குத்தான் இந்த உப்பாம். மாரிசெல்வம் சொன்னான்."

"எப்பச் சொன்னான்?"

"பன்னெண்டு நாளாச்சு."

தங்கலட்சுமி குழியின் மூடியைத் திருகி மூடினாள்.

"படிஞ்சதப் புளித்தண்ணி விட்டுத் தேயி. இனிமே ஒன் டம்ளர ஒன் மெஷினு கழுவட்டும். என் கை வேலைக்கு அது பேரு வாங்க வேணாம்."

சாயங்காலம் ஈஸ்வரி ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். தங்கலட்சுமி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அடியில் ஒரு புள்ளி இருக்கிறது என்றாள்.

புள்ளி எதுவும் இல்லை.