அம்மா சொன்ன ‘இல்லீங்க’

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கல்யாண வீடியோவில் சண்டைச் சத்தத்தை எடுத்துவிட்டு நாதஸ்வரத்தைக் கோப்பதில் கெட்டிக்காரர். வேலம்பாளையத்தில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தார். அம்மா டெய்லராக இருந்த பனியன் கம்பெனி, துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குக் காட்ட ஒரு வீடியோ எடுக்க நினைத்தபோது, மேனேஜரிடம் கெஞ்சி அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே அம்மாதான். மரியாதையாகப் பேசுகிறவள் என்று மேனேஜர் அவளையே அதில் பேசவும் சொன்னார். ஷிப்மென்ட் நெருங்கினால் கேட்டைப் பூட்டி ராத்திரியிலும் தைக்கவைப்பதைச் சொல்லிவிடும்படி கூட வேலை செய்த பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். எடுப்பது தம்பிதானே என்ற தைரியத்தில் அம்மா ஒத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு லீவு. வீடியோ எடுக்கிற இடத்துக்கு என்னையும் கூட்டிப் போயிருந்தாள். மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அம்மாவின் சேலையில் மைக்கைக் குத்தி, குரல் சரியாக விழுகிறதா என்று பார்த்தார்.

“சாப்பிட்டீங்களாக்கா?”

“இல்லீங்க.”

வீட்டில் ‘இல்லடா’ என்கிறவளுக்கு மைக்கைக் கண்டதும் தம்பியிடமே மரியாதை பொங்கிவிட்டது. நான் சிரித்தேன். பிறகு மேனேஜர் கேட்கக் கேட்க, கேட்டைப் பூட்டுவது வரை ஒன்று விடாமல் சொன்னாள். அவர் முகம் மாறவில்லை. முடிந்ததும் மாமாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் எல்லோருக்கும் டிவியில் போட்டுக் காட்டினார்கள். திரையில் அம்மாவின் கைகள் தைத்துக்கொண்டிருந்தன.

“ஓவர்டைம் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தறாங்களா?” என்றது மேனேஜரின் குரல்.

“இல்லீங்க” என்றது அம்மாவின் குரல். அவ்வளவுதான், பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அது எந்த ‘இல்லீங்க’ என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கைதட்டினேன்.

“வெட்டுன எடம் தெரியுதா கண்ணு? அடியில மிஷின் சத்தத்த ஓட உட்டிருக்கறேன்” என்றார் மாமா என் காதோடு.

அம்மா பெண்களிடம், “நாஞ் சொன்னேனுங்க, எல்லாத்தையுஞ் சொன்னேனுங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர்கள் பொரியை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். சாப்பாட்டுக்குச் சொன்ன பதில் அது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமாவின் வித்தையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, என்னையும்தான்.

லீவு முடிந்து காலையில் கம்பெனி வேன் வந்தது. சீட்டில் இருந்த ஒருத்தியும் அம்மாவுக்காக நகர்ந்து உட்காரவில்லை. அவள் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள். இன்றைக்குக் கூட்டம் அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் டாட்டா காட்டினேன்.