பலகைமேல் உட்கார்ந்தவள்

பாம்பன் தென்கடலில் என் மகள் சர்ஃபிங் பழகிக்கொண்டிருந்தாள். நான் கரையில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல அலை வரும்வரை பலகைமேல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டுமாம். வீட்டில் ஓரிடத்தில் உட்காராத பெண், கடலுக்குள் போய் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கமாகப் போன மீன்பிடி வள்ளம் ஒன்று அவளை நோக்கித் திரும்பியது. வேண்டாமென்று இரண்டு கைகளையும் ஆட்டினாள். வள்ளம் இன்னும் வேகமெடுத்தது. கடைசியில் அவளையும் பலகையையும் வள்ளத்தில் தூக்கிப்போட்டுக் கரைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

"நான் என்ன முங்கியா போனேன்? போங்கன்னுதானே கைய ஆட்டுனேன்!" என்று மகள் கத்தினாள். அவள் கால் மண்ணில் பட்ட நிம்மதியை மறைத்துக்கொண்டு நானும் சேர்ந்து கத்தினேன். "கேக்காம கொள்ளாம ஏன் தூக்குனீக?"

வள்ளக்காரர் கோபப்படவில்லை. "கடல்ல ஒருத்தர் உக்காந்து கையாட்டுனா, கேட்டுக்கிட்டு நிக்க மாட்டோம்க்கா," என்றார். "கவுந்த வள்ளத்து மேல நானும் இப்படித்தான் உக்காந்து கையாட்டுனேன். அன்னைக்கும் யாரும் எதுவும் கேக்கல. வந்தாக."